கழுகுக் கண்

"உள்ளே கழுகு உட்கார்ந்திருக்கார். கையைப் பார்க்க மாட்டார், கண்ணைத்தான் பார்ப்பார். திருட்டு முழி முழிச்சா அவ்வளவுதான்!" வராந்தா பெஞ்சில் காத்திருந்தவர்களுக்கு வாட்ச்மேன் இலவசமாகப் பயம் காட்டிக்கொண்டிருந்தார்.

கழுகு என்பது லைன் சூப்பர்வைசருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர். கார்களுக்கு ஒயர் கட்டு தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவருக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அவருடைய லைனிலிருந்து ஒரு தப்பான ஒயர்கூட வெளியே போனதில்லை.

ஒருவர் எடுத்த ஒயரைப் பக்கத்து ஆள் பார்த்து 'சரி' என்று சொன்ன பிறகுதான் கோர்க்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தவரும் அவர்தான். அதற்காக முதலாளி கையால் ஒரு சுவர்க்கடிகாரமே பரிசு வாங்கியிருக்கிறார். ஒரு வேலைக்கு ரெண்டு பேரா என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள் அதன்பின் வாயைத் திறக்கவில்லை.

ஆளெடுக்கும் தேர்வு எளிமையானதுதான். மேஜை மேல் பன்னிரண்டு அறைகள் கொண்ட ஒரு தட்டு, அறைக்கு ஒரு நிறத்தில் ஒயர். ஆபீஸ் உதவியாளர் அம்மாள் நிறத்தின் பெயரைச் சொல்வார், வந்தவர் எடுத்து நீட்டுவார், அந்த அம்மாளே பார்த்து டிக் போடுவார். சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பார்.

பதினொன்றாம் நம்பராக வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். காலையிலிருந்து பெஞ்சில் உட்காராமல், திறந்திருந்த கதவோரமே நின்றிருந்த ஆள்.

"முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?"

"பிஸ்கட் கம்பெனியில சார். இழுத்து மூடிட்டாங்க, அஞ்சு மாசமாச்சு. வீட்டுக்காரி தையல் மெஷின்லதான் குடும்பம் ஓடுது. பொண்ணு இந்த வருஷம்தான் ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சிருக்கா."

"ரெட்," என்றார் உதவியாளர். வந்தவர் எடுத்து நீட்டினார். "கிரீன்." நீட்டினார். "பிரவுன்." நீட்டினார்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அதுவும் காலையிலிருந்து வந்த பத்துப் பேரையும்விட வேகம். உதவியாளர் சிரித்துக்கொண்டே பேனாவை மூடப் போனார்.

"தட்டை மாத்தி வைம்மா," என்றார் சூப்பர்வைசர்.

சொன்ன பிறகுதான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று அவருக்கு உறைத்தது. அதற்குள் உதவியாளர் ஒயர்களை அறை மாற்றிப் போட்டு முடித்துவிட்டார்.

"ரெட்."

வந்தவரின் கை பழைய அறைக்கே போனது, நின்றது, தயங்கி ஒன்றை எடுத்தது. அது கிரீன். பன்னிரண்டில் ஒன்பதுதான் தேறியது.

"சார், ப்ளூ, மஞ்சள் எல்லாம் நல்லாத் தெரியும். இந்த ரெண்டு மூணு கலர்தான் எனக்கு ஒண்ணு போல இருக்கு. போன ரெண்டு இடத்துலயும் இதுலதான் போச்சு. கை வேகமா இருக்கும் சார், எப்படியாவது பழகிடுவேன்."

"விதி அப்படி, தம்பி. ஒரு ஒயர் மாறினா வண்டியே பத்திக்கும்." இதைச் சொல்லும்போது கழுகின் கண் அந்த ஆளின் முகத்துக்குப் போகவில்லை. தேய்ந்துபோன செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

வந்தவர் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி, "ஏமாத்தப் பார்த்தேன், மன்னிச்சிடுங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

திட்டிவிட்டுப் போயிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது சூப்பர்வைசருக்கு. ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடித்துவிட்டோமே என்று நெஞ்சை அறுத்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்தார், குடிக்காமலே வைத்தார்.

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? நான் பக்கத்துலயே இருந்து ஏமாந்துட்டேன்," என்றார் உதவியாளர்.

"அவர் ஒயரைப் பார்க்கலம்மா. அறையை எண்ணினார். உதடு அசைஞ்சுது."

"கதவுகிட்ட நின்னு எது எந்த அறைன்னு மனப்பாடம் பண்ணியிருக்கான் பாருங்க! கழுகுன்னு சும்மாவா சொல்றாங்க உங்களை?" என்றபடி அவர் நிராகரிப்பு முத்திரையை மையில் ஒற்றினார்.

சூப்பர்வைசரின் கை சட்டென்று நீண்டு விண்ணப்பத்தின் மேல் விழுந்தது.

"கொஞ்சம் இரும்மா. இவரை எடுத்துக்கலாமே? பக்கத்து ஆள் பார்த்துச் சொல்ற விதிதான் இருக்கே."

"நீங்களா சார் இப்படிப் பேசறது?" உதவியாளருக்குக் கோபமே வந்துவிட்டது. "பாவம் பார்க்கலாம், அதுக்காக இப்படியா? இவனை உள்ள விட்டு நாளைக்கு ஒண்ணு ஆனா உங்க வேலைக்குத்தான் உலை. கையை எடுங்க சார்."

சூப்பர்வைசர் கையை எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, கேட்டருகே அந்த ஆள் வாட்ச்மேனிடம் கொடுத்திருந்த செல்போனைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார். யாருக்கோ போன் செய்யப் போனவர், செய்யாமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நீங்களே சொல்லுங்க," உதவியாளர் விடவில்லை. "வரிசையை மனப்பாடம் பண்ணிக்கிட்டு, மத்ததுக்குப் பக்கத்துல இருக்கறவங்களைக் கேட்டுக்கிட்டு, இந்த வேலையில ஒரு மனுஷன் எத்தனை நாள் ஓட்ட முடியும்?"

ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே சூப்பர்வைசர் சொன்னார்:

"இருபத்திரெண்டு வருஷம் ஓட்டிட்டேம்மா."