சொல்லாமல் விட்ட இடம்

புரோகிராம் மறுபடியும் விழுந்தது. ஷாஹிர் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

மட்டாஞ்சேரி பஜாரில் சுக்குக் கிடங்குக்கு மேல்மாடியில் அவர்கள் ஆபீஸ். மிளகைத் தரம் பிரிக்கும் இயந்திரத்துக்கு அவன் சி மொழியில் எழுதிய புரோகிராம், அதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் பழைய கம்பைலரில் ஒழுங்காகத்தான் ஓடியது. இலவசமாகக் கிடைக்கிறதே என்று முதலாளி வேறு கம்பைலருக்கு மாற்றச் சொன்னார். அன்றிலிருந்து உயிரை வாங்குகிறது. நாலு தடவை ஓடும், நினைத்துக்கொண்டால் விழும்.

நாளைக் காலை காக்கநாட்டில், வாங்க வருகிறவர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் ஷாஹிருக்கு வேலை நிரந்தரம். விழுந்தால் வீட்டோடு இருக்கலாம் என்று முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

பக்கத்து நாற்காலியில், கூட வேலை பார்க்கும் லுப்னா. மத்தியானச் சோறும் தின்னாமல் அவனுக்காக வரிவரியாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கென்ன தலையெழுத்தா? நோன்புக்கு முன்னால் ஷாஹிரின் உம்மா பள்ளுருத்தியில் அவள் வீட்டுக்கு வந்து அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனாள். அரிசிப் பத்திரி தின்றாள், சாயா குடித்தாள், விவரம் சொல்லி அனுப்புகிறோம் என்றாள். பெருநாளும் கழிந்தது. மூச்சுப் பேச்சில்லை.

இவனாவது வாயைத் திறப்பான் என்று தினமும் பார்த்தாள். சாயா வேண்டுமா என்று கேட்பான். புரோகிராமைப் பார்த்துத் தருகிறாயா என்று கேட்பான். அந்த விஷயத்தை மட்டும் எடுக்கமாட்டான். பிடிக்கவில்லை என்றால் சொல்லியிருப்பானே என்று பாவிப் பெண் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஒரு வரியில் அவள் விரல் நின்றது.

எத்தனை மிளகு கடந்தது என்று எண்ணுவதற்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தான். தொடக்கத்தில் அதில் என்ன எண் என்று எழுதவேயில்லை.

பழைய கம்பைலர் பெரிய மனது பண்ணி அதைச் சைபர் என்று எடுத்துக்கொண்டது. புதியது அப்படியில்லை. அந்த இடத்தில் முன்பே கிடந்த குப்பையை எண் என்று நம்பிப் போய் முட்டி விழுந்தது.

ஒரு சைபர் தட்டினால் தீர்ந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தட்டுவதற்கு முன்னால் அவனைச் சீண்டிப் பார்க்க ஆசையாக இருந்தது.

"ஷாஹிர், ஒண்ணுமே சொல்லாம விட்டா என்ன அர்த்தம்?"

அவன் நிமிர்ந்தான். திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான்.

"இல்லேன்னுதான் லுப்னா அர்த்தம். உம்மா வீட்டுக்கு வந்ததுமே வேண்டாம்னுட்டாங்க. உனக்கே மனசிலாயிருக்கும்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு ஃபோனை எடுத்துக் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கத் தொடங்கினான்.

அவள் காது இரண்டும் எரிந்தன. அந்த வரியில் எதையும் தொடாமல், புரோகிராமை அப்படியே ஓட்டினாள். அந்தத் தடவை அது விழவில்லை.

ஷாஹிர் எட்டிப் பார்த்தான்.

"சரியாச்சா?"

லுப்னா ஒன்றும் சொல்லவில்லை.

அவன் சந்தோஷமாக லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டான்.