ரீல் மாற்றும் நேரம்

கொட்டகை வாசலில் வைத்திருந்த அந்தப் பலகையை அவள் மூன்றாவது முறையாகப் படித்தாள்.

அச்சுப்பிழை இல்லை. அப்படியேதான் போட்டிருந்தார்கள்.

“கடலரசி கொட்டகை: நூறாண்டு வரலாறு.”

பலகையில் எல்லோரும் இருந்தார்கள். அலைச் சத்தத்துக்கு மேலே வசனம் பேசிப் பேசி, வீட்டிலும் மனைவியிடம் அதே குரலில் உப்பு கேட்டு, வாழ்க்கையைத் தொலைத்த ராஜபார்ட் இருந்தார். கலங்கரை விளக்கத்தை மறைத்துக் காட்டிவிட்டு, திருப்பிக் கொண்டுவர வியாழக்கிழமை வரை தவணை கேட்ட மந்திரவாதி இருந்தார். சினிமா வந்த பிறகு, ஒரு ஐப்பசியில் உள்ளே வந்து, தரை டிக்கெட்டில் உட்கார்ந்து, முழுப்படமும் பார்த்துவிட்டுப் போன கடல்கூட இருந்தது.

சைக்கிள் ஓட்டிய குரங்கு இருந்தது. பெயரோடு. ராஜாமணி.

அவள் இல்லை.

குரங்குக்குக் கீழே ஒரு வரி.

“புரொஜெக்டர் ஒன்றே என்பதால், ரீல் மாற்றும் நான்கு நிமிடமும் ரசிகர்கள் பொறுமையாகக் காத்திருப்பார்கள்.”

பொறுமையாக!

அவளுக்குக் காது மடல் சுட்டது.

பதினோரு வருடம். காட்சிக்கு எட்டு முறை. விளக்கு எரிந்ததும் மேடையில் அவள்தான். ரெக்கார்டு பாடும், அவள் ஆடுவாள். காய்ச்சலோடு ஆடியிருக்கிறாள். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றும் ஆடியிருக்கிறாள்.

ஒரே ஒரு நாள் வரப் பிந்திவிட்டது. இந்தப் பொறுமைசாலிகள் பதினேழு பெஞ்சுகளைப் பெயர்த்துக் கடலில் எறிந்தார்கள். அதில் இரண்டு இலங்கையில் கரை ஒதுங்கி, இன்றைக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடப்பதாகக் கேள்வி.

உள்ளே நூற்றாண்டு விழா. கொட்டகையின் கதையையே படமாக எடுத்துத் திரையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

படம் நின்றது.

கம்ப்யூட்டர் மக்கர்.

முதலில் இருமல்கள். பிறகு விசில்.

“ஏல, படத்தப் போடுங்கல!”

ஒரு நாற்காலி விழுந்தது.

முதலாளியின் பேரன் செலஸ்டின் வேர்த்து வடிய வாசலுக்கு ஓடிவந்தான். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மறக்கவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து விசிலடித்தவன்தானே.

அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

“யக்கா, நாலே நாலு நிமிசம். சும்மா மேடையில ஏறி நின்னாப் போதும்.”

அவள் பலகையைக் காட்டினாள்.

“பொறுமையா இருப்பாவன்னு நீதான போட்டிருக்க, தம்பி. இருக்கட்டும்.”

இரண்டாவது நாற்காலி.

செலஸ்டின் பலகையைப் பார்த்தான். உள்ளே பார்த்தான். நாற்காலிகளுக்கு எண் போட வைத்திருந்த மார்க்கரைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

வாங்கிக்கொண்டாள்.

கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மாட்டிக்கொண்டாள். அந்த வரியை அடித்தாள். மேலே, குரங்குக்கும் மேலே, இடம் பார்த்தாள். முதல் எழுத்தின் கொம்பை நிதானமாகச் சுழித்தாள்.

உள்ளே கூரை பிய்ந்துகொண்டிருந்தது.

பெயரை எழுதி முடிக்க அவள் நாலு நிமிடம் எடுத்துக்கொண்டாள்.