சக்கரம் கட்டிக்கொண்ட வீடு

ஊருக்கு வெளியே இருந்த அந்த வீட்டுக்கு, அருள்தாஸின் புலம்பலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. "ரெண்டு பஸ், ஒரு ரயில்! மனுஷன் எப்படிய்யா ஆபீஸ் போறது?"

பொறுத்துப் பார்த்த வீடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு சக்கரங்களைக் கட்டிக்கொண்டு உருண்டு போய், அவருடைய ஆபீஸ் கட்டிடத்தின் பக்கத்தில் நின்றது.

ஒரே வாரம். ஆபீஸ் கட்டிடம் வீட்டிடம் சீறியது. "உங்க ஆளு தினமும் லேட்டு! தூரத்துலேர்ந்து வந்தப்போ முதல் ஆளா வருவாரு."

வீடு உள்ளே பார்த்தது. மணி பத்து. அருள்தாஸ் இரண்டாவது காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். "இதோ இருக்கிற ஆபீஸ்தானே?" என்றார் மனைவியிடம்.

வீடு தலையில் அடித்துக்கொண்டு இன்னும் நெருங்கி, வாசலோடு வாசலாக நின்றது. அவர் பதினொரு மணிக்குப் போனார்.

"இவரை வேலையை விட்டே தூக்கப் போறாங்க" என்றது ஆபீஸ்.

அன்றைக்கே வீடு பழைய இடத்துக்குத் திரும்பியது. மறுநாள் ஐந்து மணிக்கே எழுந்த அருள்தாஸ், சாப்பாட்டுப் பையோடு படியிறங்கி ஓடினார்.

"ஆபீஸ் மட்டும் பக்கத்துல இருந்தா, தினமும் நான்தான் முதல்ல போய் நிப்பேன்!"

வீடு சக்கரங்களைக் கழற்றிக் கிணற்றில் போட்டது.