கடல் பார்த்த அறை

செத்துப்போன மனைவி பக்கத்தில் வந்து உட்கார இரவொன்றுக்கு ஒன்பதாயிரம் ரூபாய், வரி தனி. உல்லாசக் கப்பலின் சின்ன அறையில் ராஜகனியின் குரல் மட்டும்தான் வரும். கடல் பார்த்த பெரிய அறைக்கு மாறினால் ஆளாகவே வருவாள்.

“ஏழாயிரத்துக்கு முடிங்க தம்பி,” என்றார் வத்தல் வியாபாரி அய்யாச்சாமி, வாசலில் நின்ற சிப்பந்தியிடம்.

“ஏங்க, இங்கயும் பேரமா?” என்றது ராஜகனியின் குரல். “எனக்கும் கடல் பாக்கணும்னு இருக்காதா?”

அவள் குரலில் பேசுவது கப்பல் கம்பெனியின் இயந்திரம் என்று அய்யாச்சாமிக்குத் தெரியும். சரக்கைத் தள்ளிவிடுகிற பேச்சை அவரிடமே விற்கிறார்கள். நாற்பத்தொரு வருடத்தில் ராஜகனி ஒரு மூக்குத்திகூட வாய்விட்டுக் கேட்டதில்லை.

இருந்தும் சொன்ன விலையை அப்படியே கட்டினார். அவள் கேட்டதும் இல்லை, அவர் கொடுத்ததும் இல்லை. வரவும் செலவும் நேர் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தார்.