சாரை கேட்டிராத குரல்

அந்தக் காட்டில் கதை என்றால் கரிச்சான் குருவி சொன்னால்தான் கதை. கதையில் பருந்து வந்தால் பருந்தாகவே வீரிடும். கீரி வந்தால் கீரியாகவே சீறும். சாயங்காலமானால் மரமெல்லாம் காது.

"எல்லாம் சரி, உன் குரல் எதுப்பா?" என்று ஒருமுறை அணில் கேட்டது.

"கதைக்கு அது எதுக்கு?" என்று சிரித்துவிட்டது கரிச்சான்.

ஒருநாள் மத்தியானம் சாரைப்பாம்பு மரமேறி வந்தது. கூட்டில் கண் திறக்காத குஞ்சுகள். பதறிப்போன கரிச்சான் பருந்தாக வீரிட்டது. பாம்பு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போன கதையில வந்த பருந்துதானே இது" என்றபடி அடுத்த கிளைக்கு ஏறியது.

கரிச்சான் கீரியாகச் சீறியது.

"கீரியும் நல்லாத்தான் பண்றே. நானும் புதருக்குள்ள படுத்துக்கிட்டுத் தினமும் கேக்கிறவன்தானே."

மயில், ஆந்தை என்று கைவசமிருந்த குரலெல்லாம் தீர்ந்துபோயிற்று. பாம்பின் நாக்கு கூட்டின் விளிம்பைத் தொட்டது. அப்போது கரிச்சானின் தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு சத்தம் வந்தது. கேட்கச் சகிக்காத சத்தம்.

பாம்பு அப்படியே நின்றது. "இது யாரு?"

கரிச்சானும் திரும்பிப் பார்த்தது. பின்னால் யாருமில்லை. மறுபடியும் அதே சத்தம் எழுந்தது. எந்தக் கதையிலும் வராத பிராணியோடு மோதப் பாம்புக்குத் துணிச்சல் இல்லை. சரசரவென்று இறங்கிப் போய்விட்டது.

அணில் மூச்சிரைக்க ஓடி வந்தது. "இங்க கத்தினது யாரு?"

கரிச்சான் குஞ்சுகளைச் சிறகால் மூடிக்கொண்டது.

"நான்தான் போலிருக்கு" என்றது, அதே கரகரத்த குரலில்.