வலப்பக்கத்து டின்

ஞாயிற்றுக்கிழமை வந்தாலே மூத்த மருமகளுக்கு வயிறு எரியும். ஒரே மாவு, ஒரே ஈஸ்ட், ஒரே அடுப்பு. ஆனாலும் இளையவள் ரொட்டி பஞ்சாக உப்பும். இவளுடையது செங்கல்லாகக் கிடக்கும்.

“சின்னவ கைப்பக்குவம் யாருக்கு வரும்?” ஒரு வருஷமாக மாமியார் பாடும் பாட்டு இது.

இன்று மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை. மேடையில் இருவரும் ஆளுக்கொரு டின்னில் பிசைந்து வைத்த மாவு துணி மூடி உப்பிக்கொண்டிருந்தது. வழக்கம்போல இடப்பக்கம் இவள் டின், வலப்பக்கம் இளையவள் டின். இளையவள் குளிக்கப் போன நேரம் பார்த்து இரண்டையும் இடம் மாற்றி வைத்தாள்.

மேஜையில் மாமியார் முதல் துண்டைக் கடித்தார். “அடேயப்பா, இன்னிக்குப் பெரியவ ரொட்டிதான் ரொட்டி.”

இளையவள் முகம் சுண்டிப்போனது. பாத்திரம் கழுவும்போது தாழ்ந்த குரலில் கேட்டாள்:

“அக்கா, காலையில நான் மாத்தி வச்ச டின்னைத் திருப்பி மாத்திட்டீங்க போல. வாராவாரம் உங்க மாவைத்தான் என் பக்கம் வச்சுக்கறேன்னு எப்பத் தெரிஞ்சுது?”

மூத்தவள் கழுவி முடித்த தட்டையே மறுபடி தேய்த்தாள். பிறகு கையிலிருந்த சோப்பு நுரையை உதறினாள்.

“முதல் வாரமே தெரியும். நீயா சொல்றியான்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்.”