சிவப்புப் பொட்டு வைத்த முப்பது பாட்டில்

"நாலு நாள் நான் வீட்ல இல்லேன்னா, என் சலவை அறை சீலிங்குக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லி உங்கிட்ட யாரு அழுதா?"

தங்கை பெர்னடெட் வீட்டிலிருந்து திரும்பி, பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்டேன்.

"அழுக்கா இருந்துச்சு," என்றான் கார்த்.

"கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமா அழுக்காத்தான் இருக்கு. ஒரு நாளாவது அண்ணாந்து பார்த்திருக்கியா? கீழே என் பீர் இருக்கு. பெயின்ட் வாடை அதுல இறங்கிட்டா?"

"இறங்காது."

"கட்டை விரல்ல என்ன கட்டு?"

"ஏணி கிழிச்சிடுச்சு."

"என் நெய்ல் பாலிஷ் பாதி காலி. அதையும் ஏணிதான் எடுத்துப் போட்டுக்கிச்சா?"

ஏணியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டான்.

நான் சலவை அறை பெஞ்சுக்கு அடியில் குனிந்து எண்ணினேன். முப்பது பாட்டில். ஒவ்வொரு மூடியிலும் நான் வைத்த சிவப்புப் பொட்டு. ஒன்றும் குறையவில்லை.

என் முதல் பீர்.

எங்கள் தெருவில் கார்த், பக்கத்து வீட்டு கிளாரி, எதிர் வீட்டு மெர்வ் மூன்று பேரும் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள். ஊர்க் கண்காட்சியில் முதல் பரிசுக்குக் கொடுக்கும் நீல ரிப்பனுக்காக வருஷா வருஷம் அடித்துக்கொள்வார்கள். கார்த்துக்கு இதுவரை கிடைத்ததில்லை. இந்தத் தடவை விடுவதில்லை என்று குளிர்காலத்திலேயே முப்பது பாட்டில் காய்ச்சி, மூடிக்கு மூடி ரிப்பன் நிறத்தில் நீலப் பொட்டு வைத்து, ஒன்றைக்கூடத் திறக்காமல் ஷெட்டில் அடைகாத்துக்கொண்டிருந்தான்.

கிறிஸ்துமஸ் விருந்தில் கிளாரிதான் ஆரம்பித்தான். "நோலீன், இதுக்கெல்லாம் பொறுமை வேணும் தாயே. நீ கெட்டில் கொதிக்கறதுக்குள்ள அதை மூணு தடவை திட்டற ஆளு."

கன்னியாஸ்திரிகளிடம் பத்து வருஷம் படித்து வந்தவளைப் பார்த்தா இந்தப் பேச்சு? கிறிஸ்துமஸ் லீவு முடிந்து கடை திறந்த அன்றே பீர் காய்ச்சும் மால்ட் டின் வாங்கி வந்து, சலவை அறையில் டிரம்மை வைத்தேன்.

பதினாலு நாள் புளிக்க விடு என்று டின்னில் போட்டிருந்தது. ஆறாம் நாளே குமிழி அடங்கின மாதிரி இருந்தது. பாட்டிலில் அடைத்தேன். பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரையாம். கஞ்சத்தனம் எனக்கு ஆகாது. இரண்டு போட்டேன்.

"இன்னும் ஒரு வாரம் பொறேன், நோலீன்," என்றான் கார்த்.

"உன் வேலையைப் பாரு," என்றேன்.

அந்தப் பாட்டில்களைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கொல்லைப்புறத்தில் திறந்தேன். கார்த் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தான். கிளாரியும் மெர்வும் பலியாடுகள் மாதிரி கிளாஸை நீட்டினார்கள்.

நுரை இரண்டு விரல் உயரத்துக்கு எழும்பி அப்படியே நின்றது.

மெர்வ் ஒரு வாய் குடித்தான். கண் விரிந்தது. "அடிப்பாவி! இது உன் முதல் தடவையா?"

கிளாரி ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான். பிறகு கார்த்தைப் பார்த்தான். கார்த் சாசேஜை ரொம்ப அக்கறையாகப் புரட்டினான்.

"என்ன கிளாரி, வாயில பூட்டா? பொறுமை கிறுமைன்னு ஏதோ சொன்னியே?"

"வாபஸ் வாங்கிக்கறேன் தாயே," என்றான் கிளாரி, கிளாஸைப் பார்த்தபடி.

எனக்குக் கால் தரையில் படவில்லை. ஆளுக்கு இன்னொரு கிளாஸ் ஊற்றினேன்.

"கார்த், அடுத்த வாரக் கண்காட்சியிலேர்ந்து உன் பேரை எடுத்துட்டியாமே, ஏன்டா?" என்று கேட்டான் மெர்வ்.

"இந்த வருஷம் எனக்குச் சரியா அமையலை."

"அமையலையா? பயம்!" என்றேன் நான். "பெண்டாட்டி பீரைப் பார்த்துப் பயந்துட்டான். நீ எடுத்தா என்ன, நான் என் பேரைக் கொடுத்தாச்சு. நீல ரிப்பன் இந்த வீட்டுக்கு வரும். ஆனா சலவை அறைக்குத்தான் வரும், ஷெட்டுக்கு இல்ல!"

மெர்வ் விழுந்து விழுந்து சிரித்தான். கார்த்தும் சேர்ந்து சிரித்தான்.

அடுத்த பாட்டிலுக்கு ஐஸ் பெட்டியில் கை விட்டேன். ஈர மூடியில் நகம் பட்டு, சிவப்பு நெய்ல் பாலிஷ் பொட்டு தோலாக உரிந்து வந்தது.

அடியில் நீலம்.

இன்னொரு மூடியைச் சுரண்டினேன். நீலம். அதற்கடுத்ததும் நீலம்.

குந்தியபடியே நிமிர்ந்தேன். எதிரே சலவை அறைக் கதவு திறந்திருந்தது. புது வெள்ளை சீலிங் பளபளவென்று இருந்தது.

ஆறு நாள். இரண்டு ஸ்பூன். என் பீர் ஒன்று மிச்சமில்லாமல் வெடித்து, கண்ணாடிச் சில்லோடு சீலிங் வரைக்கும் போயிருக்கிறது.

கார்த் ஒரு கையால் கிளாரியின் தோளையும், கட்டுப் போட்ட விரலோடு இன்னொரு கையால் மெர்வின் தோளையும் வளைத்துப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்:

"என் பெண்டாட்டிடா! நோலீன், நீ எப்படிச் செஞ்சேன்னு இந்த ரெண்டு மடையனுங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடேன்!"